வலது காதில் ஊர்

இயர்போனின் வலது பக்கம்
போன பொங்கலோடு செத்துவிட்டது.
மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்:
பின்னுக்குப் பக்கத்தில் கம்பி முறிவு.
பத்து நிமிட வேலை.
எம்.டெக். இரண்டாம் ஆண்டு, சிக்னல் ப்ராசஸிங்.
சால்டரிங் அயர்ன் மேசையிலேயே கிடக்கிறது.
செய்யவில்லை.

ஆகவே இடது காதில் பாட்டு,
வலது காதில் கடலூர்–புதுச்சேரி பஸ்.
மஞ்சக்குப்பத்தில் ஏறினால்
பேஸ் கிட்டார் நுழையும் நேரம் பெண்ணையாற்றுப் பாலம்.
முள்ளோடையில் அரசாங்கம் மாறும்,
பெட்ரோல் விலை மாறும்,
சுவரில் கைகூப்பும் முகங்கள் மாறும்.
பாட்டு அதே பாட்டு.
ஓட்டு கடலூரில், வைஃபை காலாப்பட்டில்.
"உனக்கு அரசியலே ரோமிங்லதான்" என்பான் இளஞ்சேரன்.

என் ஆய்வு, சத்தத்தைச் சத்தத்தாலேயே அடிப்பது.
வருகிற அலைக்கு நேர் எதிராக ஓர் அலை செய்து
மேலே விட்டால்
இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லை.
கேன்டீனில் இதை விளக்கினேன்.
"இதத்தான்டா கூட்டணிங்கிறோம்" என்றான்.

லூர்துமேரி மேடம் கேட்டது ஐந்நூறு மாதிரிகள்.
லேப் இரைச்சல் வேண்டாம், தெரு வேண்டும்.
காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
முகமில்லாத கடிகாரங்களுக்கும்
யாருடையதோ தெரியாத சார்ஜர்களுக்கும் நடுவே
நூற்றிருபதுக்கு ஒரு மைக் வாங்கினேன்.
மீன் ஏலம். சர்ச் மணி. ஜெனரேட்டர்.
எதிரெதிர்க் கட்சிகளின் பிரச்சார ஆட்டோ இரண்டு
(சவுண்ட் சர்வீஸ் ஒன்றுதான்,
அந்தக் கரகரப்பை எங்கே கேட்டாலும் சொல்வேன்).
எல்லாவற்றுக்கும் எக்ஸெலில் ஒரே சொல்: இரைச்சல்.

நேற்று கன்னியகோயில் தாண்டி பஸ் நின்றது.
மறியல்.
நீலமும் ஆரஞ்சுமாகக் காலிக் குடங்கள்.
பத்தரைக்கு எனக்கு ரிவ்யூ.
மூன்று தடவை மணி பார்த்துவிட்டு
மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
நல்ல டேட்டா, நாற்பத்தோரு நிமிடம்.
முன் சீட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி
"டிவியா தம்பி?" என்றார்.
ப்ராஜெக்ட் என்றதும் காலரை விட்டுவிட்டார்.

ராத்திரி அதை வடிகட்டினேன்.
ஹாரன்கள் மிஞ்சின, கழுவிய கண்ணாடி மாதிரி.
பெண்கள் இல்லை.
ஒரு குரல்கூட இல்லை.
நிரலில் எங்கோ குறி மாறியிருக்கும் என்று
வரி வரியாய்த் தேடினேன். பிழை இல்லை.
இதுவரை கொடுத்த முந்நூற்றுப் பதினாறு கோப்பிலும்
மனுஷர் வாய் திறந்த இடத்திலெல்லாம்
இரைச்சல் என்று எழுதியவன் நான்.
அது கற்றுக்கொண்டிருக்கிறது.

கழித்துப் போட்டதைத் தனியே கேட்டேன்.
குடத்தின் அடியில் உள்ளங்கைத் தட்டல்.
நாலு. கொஞ்சம் பிந்தி, மூன்று.
மறுபடி நாலு.
மற்றவர்கள் தடுமாறத் தடுமாற
யாரோ ஒருத்தி மட்டும்
நாற்பத்தோரு நிமிடமும் அந்த ஏழை விடவில்லை.
அவள் மேல் ஏறி இன்னொரு குரல்:
"பதினோரு நாளாச்சு சார்,
உப்புத் தண்ணியில பருப்பு வேவல."
"ஓரமா போங்கம்மா."
"இன்னும் ஓரம்னா கடலுங்க சார்."
பிறகு ஹாரன். அது என் பஸ்ஸினுடையது.

மேடத்துக்கு மெயில் ஆரம்பித்தேன்:
மாதிரி 317, வகை தெரியவில்லை.
அனுப்பவில்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டால் நிரல் ஓடாது,
சிவப்பில் கத்தும்.
கத்துகிறது.

மணி இரண்டரை.
பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள்.
மாடித் தொட்டி நிரம்பி
சுவர் வழியே இறங்கிக்கொண்டிருக்கிறது தண்ணீர்.
வலது காதில்
நன்றாகக் கேட்கிறது.